ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறவர்கள்

திருமுதுகுன்றத்தில் கிடைத்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்தார் என்கிறது பெரியபுராணம். அந்தத் திருமுதுகுன்றம்தான் இன்றைய விருத்தாசலம். பழமலைநாதர் கோயில் வாசலில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை பாடம். அதைவிடப் பழக்கமான இன்னொரு தேடலும் அவர்களுக்கு உண்டு. மகன் கல்யாணம் ஆகித் திருப்பூருக்குத் தனிக்குடித்தனம் போய் வருடங்கள் ஆகியிருக்கும். கடன் அவன் பெயரில், செலவானது அவன் கையால். கேட்டு ஆள் வந்து நிற்பதோ விருத்தாசலத்தில், அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டு வாசலில்.

அப்படி வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. டூவீலரில் சின்ன நோட்டோடு வரும் தண்டல்காரர் ஒருவர். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் செல்போனுமாக வரும் நிதி நிறுவனத்து வசூல் ஆள் மற்றவர். ஊர்ப் பேச்சில் இருவருமே ‘பைனான்ஸ்காரர்’தான். இருவரிடமும் வீட்டில் இருப்பவர்கள் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்: முதலில் கெஞ்சல், பிறகு “அவன் வந்தா சொல்றோம் தம்பி”, கடைசியில் வாயை அடைக்க ஐந்நூறோ ஆயிரமோ. இந்த மூன்றுமே இருவரிடமும் பலிக்காது. பலிக்காததற்கான காரணம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால்தான் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தண்டல்காரரிடமிருந்து தொடங்கலாம், அவர்தான் ஊருக்கு மூத்தவர். பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இருந்தாலும், விருத்தாசலத்தில் களிமண்ணை நம்பிப் பிழைக்கிறவர்களில் பலரும் சின்னப் பட்டறைக்காரர்கள், அவர்களிடம் உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். அகல் விளக்கு, கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று எதைச் செய்தாலும் மண்ணும் எரிவாயுவும் முன்பணம் கேட்கும், சரக்கு விற்ற பணம் பின்னால்தான் வரும். கார்த்திகை விளக்குக்கு ஆர்டர் குவியும் மாதங்கள்தான் கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களும். வார்த்த விளக்கு காயாது, காயாததைச் சூளையில் அடுக்க முடியாது. அந்த இடைவெளியில் பத்தாயிரத்துக்கு வங்கி வாசலில் நிற்க யாருக்கும் நேரமில்லை. தண்டல்காரர் அன்று மாலையே கொடுப்பார்.

கணக்கும் எளிது. பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் தருவார், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால் சராசரியாகக் கையில் நிற்கும் பணம் வாங்கியதில் பாதிதான். ஆண்டுக்குப் போட்டுப் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். தமிழ்நாடு 2003-இல் கொண்டுவந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை, முப்பதாயிரம் வரை அபராதம்.

ஆகவே தண்டல்காரரிடம் கடனுக்கு ஆதாரம் என்று இருப்பது ஒரு நோட்டு, ஒரு அட்டை, சில நேரம் தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கிய புரோநோட்டு. இதைக் கொண்டு கோர்ட்டுக்குப் போனால் முதலில் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருக்குத் திண்ணைதான் கோர்ட், தெருதான் சாட்சி. மகன் போய்விட்ட பிறகும் அவர் வீட்டுக்கு வருவது அப்பாவைக் கடனாளி என்று நினைத்து அல்ல. “பெரியவரே, உங்களப் பாத்துத்தானே குடுத்தேன்” என்று நாலு பேர் காதில் விழச் சொன்னால் போதும், மரியாதைக்கு அஞ்சி யாராவது கட்டிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். பெரும்பாலும் அவர் கணக்குத் தப்புவதில்லை.

இங்கே ஒரு கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: அப்பா எதிலாவது கையெழுத்துப் போட்டாரா? புரோநோட்டில் சாட்சியாகப் போட்டிருந்தால் அது பார்த்ததற்கான சாட்சியம், கடனுக்கான பொறுப்பு அல்ல. ஜாமீனாகப் போட்டிருந்தால் கதை வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடனாளியின் பொறுப்புக்குச் சமமாக வைக்கிறது. மகன் எங்கே போனாலும் ஜாமீன் கையெழுத்து வீட்டிலேயே இருக்கும். இந்த இரண்டு கையெழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தண்டல்காரர் நன்றாக அறிவார், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் தெரிவதில்லை.

கையெழுத்து எதுவும் இல்லையென்றால், அடுத்த முறை வரும்போது தெருவில் இருக்கும் இரண்டு பெரியவர்களை வைத்துக்கொண்டு “கொடுத்தது அவனுக்கு, கேக்கறதும் அவன்கிட்ட கேளுங்க” என்று சொல்வதே சரியான பதில். மிரட்டினால், உள்ளே புகுந்தால், வழி மறித்தால் காவல் நிலையம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351, அத்துமீறி நுழைவதற்கு 329, வழி மறிப்புக்கு 126. இதே கடலூர் மாவட்டத்தில் 2022-இல் ஒரு காவலர் கந்துவட்டித் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு மாநிலம் முழுவதற்கும் ‘ஆபரேஷன் கந்துவட்டி’யை அறிவித்தார். காவல்துறையில் இருந்தவரையே அந்த வட்டி விட்டுவைக்கவில்லை.

இருந்தும் புகார்கள் குறைவு. பயம் மட்டும் காரணமில்லை. அடுத்த கார்த்திகைக்கு மண் வாங்க அப்பாவே அதே தண்டல்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். மகனுடைய பாக்கியை அப்பா கட்டுவதில் பாசம் பாதி என்றால், தன் கடன் வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வது மறுபாதி. சட்டப் பிரிவுகளை அடுக்கி “நீங்கள் கட்ட வேண்டியதில்லை” என்று சொல்லும் நகரத்து அறிவுரைகள் இந்த மறுபாதியைக் கண்டுகொள்வதேயில்லை.

நிறுவனத்து வசூல் ஆள் இதற்கு நேர் எதிர். அவருக்கு அந்தத் தெருவில் யாரையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவசியமில்லை. டிவிக்கோ பைக்குக்கோ செல்போன் செயலியிலோ மகன் வாங்கிய கடனின் விண்ணப்பத்தில் விருத்தாசலத்து முகவரி இருக்கும், அம்மாவின் எண் ‘ரெஃபரன்ஸ்’ என்று இருக்கும். தவணை தவறியதும் கணக்கு ஒரு வசூல் ஏஜென்சிக்குப் போகிறது. வருகிற பையனுக்கு மாத இலக்கு உண்டு. மகன் போனை எடுக்கவில்லை, அம்மா எடுக்கிறார், அதனால் அம்மாவுக்கே எல்லா அழைப்பும். தண்டல்காரருக்கு வேண்டியது அப்பாவின் மானம் என்றால் இவருக்கு வேண்டியது எடுக்கப்படும் ஒரு போன்.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரிது. இவருடைய முதலாளிக்கு ஒரு முதலாளி இருக்கிறார். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. கடனாளியின் குடும்பத்தார், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள், நண்பர்கள் ஆகியோரை அவமானப்படுத்துவதும் அவர்களுடைய தனிவாழ்வில் தலையிடுவதும் கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மின்னணுக் கடன் விதிகள், செயலி செல்போனின் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்றன. வங்கி அனுப்பும் வசூல் முகவர் அடையாள அட்டையோடு வங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும் என்பது 2008-லிருந்தே உள்ள விதி.

சுந்தரர் பொன்னை ஆற்றில் போடும் முன் ஒரு துண்டை வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டாராம், குளத்தில் எடுத்த பொன்னை அதோடு ஒத்துப் பார்க்க. வசூல் ஆளிடமும் முதலில் கேட்க வேண்டியது மச்சத்தைத்தான்: எந்த நிறுவனம், கடன் எண் என்ன, அதிகாரக் கடிதம் எங்கே? இந்தக் கேள்வி தண்டல்காரரிடம் வீண். இங்கே பாதிப் பேச்சு இதிலேயே அடங்கிவிடும். அடுத்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல்: இன்னார் இந்த முகவரியில் இல்லை, இந்தக் கடனில் நான் கையெழுத்திடவில்லை, என் எண்ணை நீக்குங்கள். அழைப்பு வந்த தேதி, நேரம், எண் மூன்றையும் அதில் எழுத வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். குறைதீர்ப்பாளர் திட்டம் வாடிக்கையாளருக்கானது என்பதால் புகாரை மகனே எழுதுவது நல்லது. அம்மாவின் படத்தை வெட்டி ஒட்டி அனுப்பும் திருட்டுச் செயலி என்றால் கடிதமெல்லாம் வேண்டாம், நேரே சைபர் குற்ற உதவி எண் 1930.

மகனின் புதிய முகவரியைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? கடிதமோ ஆளோ கேட்டால் சொல்லும் கடமை உறவினருக்கு இல்லை. ஆனால் “தெரியாது” என்று பொய் சொல்வதைவிட “சொல்ல விருப்பமில்லை” என்பது பாதுகாப்பு. ஒரு பொய் சிக்கினால் பிறகு சொல்லும் உண்மையும் எடுபடாது. அமெரிக்கா 1977-இல் இயற்றிய கடன் வசூல் நெறிமுறைச் சட்டம் இந்த இடத்தில் கறாராக இருக்கிறது. உறவினரிடம் வசூல் ஏஜென்சி கேட்கலாம், கடனாளி இருக்கும் இடத்தை மட்டும். கடன் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, பொதுவாக ஒரு முறைக்கு மேல் கேட்கவும் கூடாது. நம்முடைய 2022 விதிகள் துன்புறுத்தாதே என்று நிறுத்திக்கொள்கின்றன, எத்தனை முறை கேட்டால் துன்புறுத்தல் என்று எண்ணிச் சொல்லவில்லை. அந்த எண் இல்லாததால்தான் ஒரு நாளில் இருபது அழைப்புக்கும் ஏஜென்சியிடம் ஒரு சமாதானம் இருக்கிறது.

காகிதம் என்று வந்தால் எல்லாக் காகிதமும் ஒன்றல்ல. வக்கீல் நோட்டீஸ் நிறுவனம் காசு கொடுத்து எழுதவைத்தது. வழக்குக்கு முந்தைய லோக் அதாலத் அழைப்பு, முத்திரையைப் பார்த்தால் பயமாக இருக்கும், உண்மையில் சமரசத்துக்கான அழைப்புதான். சம்மன் வேறு: அதில் வழக்கு எண் இருக்கும், பெரும்பாலும் நீதிமன்ற ஊழியர் கொண்டுவருவார். இதில்தான் பெற்றோரின் நல்ல மனது வம்பாகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5-வது கட்டளை, 15-வது விதிப்படி, பிரதிவாதி வீட்டில் இல்லாதபோது அவரோடு வசிக்கும் வயது வந்த குடும்பத்தாரிடம் சம்மனைக் கொடுக்கலாம். ‘அவரோடு வசிக்கும்’ என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. மகன் திருப்பூரில் இருக்க, அப்பா “நான் வாங்கிக்கறேன், குடுங்க” என்று கையெழுத்துப் போட்டால், சம்மன் சேர்ந்துவிட்டதாகக் கருதி மகன் இல்லாமலே ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடலாம். அதை உடைக்க வழி உண்டு, அலைச்சலும் உண்டு. அவர் இங்கே குடியில்லை என்று அந்த ஊழியரையே எழுதிக்கொள்ளச் செய்வது எளிது. குடும்ப அட்டையில் மகன் பெயர் இன்னும் இந்த வீட்டிலேயே இருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான்.

“வந்து சாமானை எடுத்துட்டுப் போயிடுவோம்” என்பது இருவர் வாயிலும் வருவது. பெற்றோரின் பொருளை எடுக்கும் அதிகாரம் இருவருக்கும் கிடையாது. நீதிமன்றம் ஜப்தி உத்தரவு போட்டாலும்கூட, அதே சட்டத்தின் 60-வது பிரிவு கடனாளியின் சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றுக்கு விலக்குத் தருகிறது. கடனாளிக்கே அப்படி என்றால், கடன் வாங்காத அப்பாவின் அச்சையும் திரிகையையும் பற்றிப் பேச்சே இல்லை. தவறுதலாக அப்பாவின் பொருளில் கை வைத்தால் இது என்னுடையது என்று அதே கோர்ட்டில் மனுப் போடலாம்.

இருவரையும் பிரிக்கும் இன்னொன்று காலம். தண்டல்காரருக்கு நூறு நாள்தான் உலகம், ஓரிரு வருடத்தில் அவர் வேறு தெருவுக்குப் போய்விடுவார். நிறுவனத்தின் கணினி மறக்காது. பணக் கடனுக்கு வழக்குப் போட மூன்றாண்டு என்பது காலவரையறைச் சட்டம் 1963. அதற்குள் கடனாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் ஒப்புக்கொண்டால், அல்லது ஒரு பகுதியைக் கட்டிக் கையெழுத்திட்டால், மூன்றாண்டு புதிதாக ஓடத் தொடங்கும். வாசலில் நிற்கும் பையன் தொல்லை தாங்காமல் அம்மா ‘மகனுக்காக’ என்று கட்டிய ஐந்நூறை, அதிகாரம் பெற்றவர் கட்டியது என்று நாளை வாதிட இடமுண்டு. தண்டல்காரரிடம் அந்த ஐந்நூறு வெறும் ஐந்நூறு, இங்கே அப்படியில்லை.

பெற்றோர் இப்படித் தயங்குவதற்குப் பின்னால் பழைய சாத்திரத்தின் நிழலும் இருக்கிறது. தந்தை கடனை மகன் தீர்ப்பது புண்ணியக் கடமை என்பது அண்மைக்காலம் வரை இந்துக் குடும்பச் சட்டத்தில் நீதிமன்றமே ஏற்ற கொள்கை. இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் புதிய கடன்களுக்கு அதை ஒழித்துவிட்டது. கவனித்தால், அந்தப் பழைய கொள்கையிலும் கடன் மேலிருந்து கீழே, அப்பனிடமிருந்து பிள்ளைக்குத்தான் இறங்கியது. பிள்ளையின் கடன் அப்பன் தலையில் ஏறுவதற்குச் சாத்திரத்திலும் இடமில்லை. அது வசூல் ஆட்கள் எழுதிக்கொண்ட சாத்திரம்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றிய, பணக்கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டம் கடனாளியோடு அவர் குடும்பத்தாரையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. நல்லதுதான். ஆனாலும் என் கணிப்பில், காகிதத்தோடு வருகிற ஆளை நிறுத்துவதுதான் இப்போதும் எளிது. குரல் உயர்ந்திருக்கும், நோட்டீஸ் தடித்திருக்கும், ஆனால் அவர் வேலை ஒரு புகார்க் கடிதத்தில் ஆடும். சிரித்துப் பேசி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிற தண்டல்காரர்தான் கடினமானவர்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அதை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் இந்த ஒப்பீடு தடுமாறுகிறது: பெண்கள் குழுக் கடன். கடன் தருவது ரிசர்வ் வங்கியில் பதிந்த நிறுவனம், வசூலிப்பது தெரு. மருமகள் மாமியார் வீட்டில் இருந்தபோது குழுவில் சேர்ந்து கடன் வாங்கினாள், பிறகு கணவனோடு திருப்பூர் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுண்கடன் விதிகளின்படி ஒரு குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். மாமியார் அந்தக் குடும்பத்தில் இல்லை. வசூல் பேசி வைத்த பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அங்கே இரண்டு முறை தொடர்ந்து வராமல் போனால்தான் கடனாளியின் வீட்டுக்கு வரலாம். காலை 9-க்கு முன்பும் மாலை 6-க்குப் பின்பும் கூடாது, உறவினரைத் தொல்லை செய்யக் கூடாது. நிறுவனத்து ஆள் இதையெல்லாம் ஒழுங்காகவே கடைப்பிடிக்கலாம். ‘சென்டர்’ எனப்படும் அந்த வசூல் இடத்தில் உட்கார்ந்தபடியே “ஒருத்தர் டியூ வரலைன்னா யாரும் எழுந்து போக முடியாது” என்று சொன்னால் போதும். அன்று சாயங்காலம் மாமியார் வாசலுக்கு வருவது அவர் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்கள். “உங்க மருமக டியூவ மூணு வாரமா நாங்க பங்கு போட்டுக் கட்டியிருக்கோம் பெரியம்மா.”

அவர்களிடம் அதிகாரக் கடிதம் கேட்க முடியாது. 1930-க்கு அழைக்க முடியாது. அவர்கள் பொய்யும் சொல்லவில்லை: உருப்படிக்கு இவ்வளவு என்று ஃபியூஸ் கேரியருக்குப் பிசிர் நீக்கிச் சேர்த்த கூலி அது. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டம் அவர்களுக்குத் தருகிறது, மருமகளிடம்தான், மாமியாரிடம் அல்ல. ஆனால் காலையில் குழாயடியில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியவர் மாமியார்.

இந்த இடத்தில் மாமியார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யார் எத்தனை வாரம் எவ்வளவு கட்டினார்கள் என்று அந்தப் பெண்களை வைத்தே ஒரு தாளில் எழுதி, அவர்கள் எதிரிலேயே மருமகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசவைக்கலாம். மீதித் தவணையைச் சென்டரில் கட்டுவது மருமகள் பாடு. பெண்கள் கட்டிய பங்கை மட்டும் அவரவர் செல்போன் எண்ணுக்கே மருமகள் நேராக அனுப்பட்டும். அந்தத் தாள் மாமியார் வீட்டில் இருக்கலாம், அதில் மாமியாரின் கையெழுத்து மட்டும் வேண்டாம்.